ஒட்டுகிற இரும்பு, ஒட்டாத அலுமினியம்

துணியில்தான் முதலில் தெரிந்தது. சிறுமலையிலிருந்து இறங்கி வந்த மறுநாள் காலை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய வேட்டித் துணியின் நூல் ஒன்று கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் எதிலோ மாட்டி இழுபட்டது. ஹேண்டில்பார் நிற்கிற தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கின் ஓரம் அது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் விழுந்து எழுந்தது. பெயிண்ட் கீறலாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டார்ச் அடித்தால், மயிரிழை அகலத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். முந்தின நாள் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இதை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன்.

தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என் அப்பாவின் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்த கடை. கடைக்கார அண்ணன் குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது.

"காந்தமும் ஒட்டல, பித்தளையும் ஒட்டாது தம்பி. இரும்பா இருந்தா இந்நேரம் பத்த வச்சிருப்பேன்."

மலை இறங்குகிற சைக்கிளுக்கு எந்தப் பொருளில் பிரேம் செய்வது என்பது உலகம் முழுக்க ஐம்பது வருடமாக நடக்கிற வழக்கு. எஃகு, அலுமினியம், டைட்டானியம், கார்பன் என்று கட்சிகள் உண்டு. எடை, விறைப்பு, பலம் என்று எண்களும் உண்டு. பிரேம் எப்போது உடையும் என்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அது பாதிக் கேள்விதான். எப்படி உடையும், உடைந்த பிறகு நாம் குடியிருக்கிற ஊரில் அதை என்ன செய்ய முடியும் என்பது மறுபாதி. மதுரையில் நின்று பார்த்தால் மறுபாதிதான் கனமாகத் தெரிகிறது.

மதுரை சமவெளி ஊர். கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் கல். பசுமலை, நாகமலை, யானைமலை, அழகர்மலை என்று எந்தப் பக்கம் மிதித்தாலும் ஒரு பாறை எதிரே வரும். விடியலில் கிளம்பினால் சிறுமலை அடிவாரம். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால் போடிமெட்டு, மேகமலை, கொடைக்கானல். ஐரோப்பாவில் டவுன்ஹில் என்று சொல்வது நம்மிடம் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் தடத்தில் சைக்கிளை ரோப் காரில் மேலே ஏற்றிவிட்டு, 2.8 கிலோமீட்டரில் 555 மீட்டர் உயரத்தை ஐந்து நிமிடத்துக்குள் இறங்கி முடிக்கிறார்கள். இங்கே காட்டுப் பாதைகள் வனத்துறை வசம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியது. அதில் தவறும் இல்லை. ஆக நம் பையன்களுக்கு வாய்த்தது மலைச்சாலைத் தார், எஸ்டேட் சாலைச் சல்லி, குவாரி வண்டித்தடம், கண்மாய்க் கரை. கூடவே ஊருக்குள் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள். என் பிரேமை முறித்தது சிறுமலையா அந்த வேகத்தடைகளா என்று கேட்டால் நான் வேகத்தடைகள் பக்கம்தான் கை காட்டுவேன்.

இந்த நிலப்பரப்பில் நூறு வருடத்துக்குக் கிட்ட சோதனை ஓட்டம் நடத்தி முடித்த பிரேம் ஒன்று உண்டு. கறுப்புப் பெயிண்ட், 28 அங்குல வீல், கம்பி பிரேக். அதிலும் சுமைக்காரர்கள் வாங்குவது டபுள் பார்: சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பார் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். கேரியரின் இரு பக்கமும் நாற்பது நாற்பது லிட்டர் பால் கேன் தொங்கினால் அதுவே எண்பது கிலோ. வண்டி இருபதுக்கு மேல், ஓட்டுகிறவர் அறுபது. நூற்றறுபது கிலோவைச் சுமந்துகொண்டு வண்டிப்பாதையில் தினமும் போய்வருகிற பிரேம், பந்தயக்காரரின் பிரேம் படும் அடியைப் படுவதில்லை; ஆனால் அவர் பிரேம் ஓடும் வருடங்களைப்போல் பல மடங்கு ஓடுகிறது.

அதன் உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தலைக்குழாய் நன்றாகச் சாய்ந்திருக்கும், 67 பாகையை ஒட்டி. ரோடு ரேஸ் சைக்கிளில் இது 73 பாகை. நிமிர்ந்து நிற்கும், கையசைத்தால் திரும்பும். இன்றைய டவுன்ஹில் சைக்கிளில் 63 பாகை. முன்சக்கரம் ஆளைவிட்டுத் தள்ளி நின்றால் பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி தலைக்குப்புறப் போகாது. மோசமான பாதைக்கு என்று வரைந்தால் வேல்ஸில் வரைந்தாலும் லூதியானாவில் வரைந்தாலும் கோடு சாய்ந்துதான் விழும்போல. குரங்குப் பெடல் அடித்து சைக்கிள் பழகிய தலைமுறைக்கு அந்த முக்கோணத்தின் விசாலமும் தெரியும். வலது காலை பாருக்கு அடியில் நுழைத்து எதிர்ப் பெடலை மிதிக்க இடம் இருந்தது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் பலர் ஆம்பிளை சைக்கிளைத்தான் கேட்டார்கள். பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாமே. பலத்துக்காகப் போட்ட குழாய் இப்படியெல்லாமும் பயன்பட்டிருக்கிறது.

குழாய்களைச் சேர்க்கும் விதத்தில்தான் விஷயம். பழைய சைக்கிளில் குழாயும் குழாயும் நேராக ஒட்டப்படுவதில்லை. லக் என்ற உறை மூட்டுக்குள் இரண்டும் நுழைகின்றன. இடைவெளியில் உருகிய பித்தளை ஓடி நிறைகிறது. பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகிவிடும். எஃகு உருக 1,500 டிகிரியை நெருங்க வேண்டும். அதனால் குழாய் சிவக்குமே ஒழிய உருகாது, அதன் குணமும் பெரிதாகக் கெடாது. மூட்டுக்கு வருகிற பாரம் ஒரு கோட்டில் குவியாமல் லக்கின் பரப்பு முழுவதும் பிரிகிறது. எப்போதாவது விட்டுப்போனால், தெருமுனைக் கடையில் கேஸ் டார்ச்சும் பித்தளைக் கம்பியும் கொஞ்சம் வெங்காரமும் இருந்தால் போதும். நெருப்பு பட்டதும் மூட்டு முதலில் கறுத்து, பிறகு ஆரஞ்சாகி, பித்தளை திடீரென்று தண்ணீராகி இடுக்குக்குள் ஓடி ஒளிகிற கணத்தைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் கைக்கு அது ஐந்து நிமிட வேலை. எஃகுக்கு இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு: பெரும்பாலும் வளைந்துவிட்டுத்தான் உடையும். வண்டி ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தாலே 'பெண்ட் இருக்கு, எடுக்கணும்' என்று தெரிந்துவிடும்.

இந்தக் குழாய்களின் வம்சாவளியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கியது டிஐ சைக்கிள்ஸ்; அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் உருவாயின. குழாய்க்கென்றே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலை 1955இல் வந்தது. அந்த இங்கிலாந்துத் தாய் நிறுவனத்தின் குடையின் கீழ்தான் ரெனால்ட்ஸ் குழாய் ஆலையும் இருந்தது. நடுவில் மெலிந்தும் மூட்டுப் பக்கம் தடித்தும் இருக்கிற குழாய்க்கு 1897இலேயே காப்புரிமை வாங்கிய வீடு அது. 1935இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு–மாலிப்டினம் எஃகுக் குழாயில்தான் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் பல வெற்றிச் சைக்கிள்கள் செய்யப்பட்டன. பந்தயச் சைக்கிளும் பால்கார சைக்கிளும் ஒரு வகையில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்.

கலிபோர்னியாவில் மலையிறக்கப் பந்தயம் பிறந்ததும் இதே சாதிச் சைக்கிளில்தான். 1976 அக்டோபர் 21 அன்று மரின் பகுதியில் ஒரு மண்பாதையில் சில இளைஞர்கள் சுமார் 400 மீட்டர் உயரத்தை யார் வேகமாக இறங்குவது என்று போட்டி வைத்தார்கள். 1930கள், 40களில் வந்த ஷ்வின் கனத்த எஃகுச் சைக்கிள்களைப் பழைய சாமான் கடையில் தேடி வாங்கி வந்திருந்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. மிகையாகத் தோன்றினால் கொடைக்கானலை வைத்துக் கணக்குப் போடலாம். ஆளும் வண்டியுமாகத் தொண்ணூறு கிலோ, வத்தலகுண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறக்கம். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால் ஐந்து லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கின் தலையில்.

அந்தப் பழைய ஷ்வின்கள் கனத்தும் முறிந்தன. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் குரோம்–மாலிப்டினம் எஃகில் மலைக்கென்றே புதுப் பிரேம் கட்டினார். அதில் தலைக்குழாயிலிருந்து பின்சக்கரம் வரை இரு பக்கமும் ஒல்லியான குழாய் ஒன்றை அதிகப்படியாக ஓட்டியிருந்தார். நம் டபுள் பார் செய்கிற அதே வேலை. மலைக்கும் பாலுக்கும் முதலில் தோன்றிய தீர்வு ஒன்றேதான்: இன்னொரு குழாயைப் போடு.

எஃகை விட்டு அலுமினியத்துக்குப் போனதற்குக் காரணம் எடை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பிலும் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவில் குழாய் செய்தால் முருங்கைக்காய்போல வளையும். குழாயைப் பருக்க வைப்பதில்தான் சூட்சுமம். சுவரின் தடிமன் மாறாமல் விட்டம் 28 மில்லிமீட்டரிலிருந்து 50க்குப் போனால், வளைவை எதிர்க்கும் சக்தி ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். மூன்றில் ஒன்று என்ற குறையைக் கழித்தாலும் எஃகுக் குழாயை மிஞ்சிவிடும். அமெரிக்காவில் கேரி கிளைனும், 1983இல் சைக்கிள் செய்ய வந்த கேனண்டேலும் பிடித்துக்கொண்டது இந்தக் கணக்கைத்தான். இன்று மதுரைக் கடைகளில் பளபளவென்று தொங்குகிற மவுண்டன் பைக்குகளின் தொடைபோன்ற கீழ்க்குழாய்க்குப் பின்னால் இருப்பதும் அதே.

அடுத்தது களைப்பு. உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒரே பாரத்தை லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால், ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பலத்துக்கு வெகு கீழேயே அது விரிசல் விடும். எஃகுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: ஒரு எல்லைக்குக் கீழே பாரம் இருந்தால் எத்தனை முறை ஆட்டினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. சின்னச் சின்ன ஆட்டமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். என் பிரேமின் வெல்டிங் ஓரத்தில் நடந்தது இதுதான். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் பின்னால் தள்ளப்படுகிறது. குதித்து விழும்போது முன்னால் விரிகிறது. கம்பியை அங்கிட்டும் இங்கிட்டும் வளைத்து முறிக்கிற மாதிரி, வருடக்கணக்கில். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 இதைத்தான் சோதனைக்கூடத்தில் செய்து பார்க்கச் சொல்கிறது: மவுண்டன் பைக்கின் முன் அச்சை 1,200 நியூட்டன் விசையில் முன்னுக்கும் 600 நியூட்டனில் பின்னுக்குமாக 50,000 முறை ஆட்ட வேண்டும், விரிசல் வரக் கூடாது. கிலோவில் சொன்னால் முன்னுக்கு நூற்றிருபது, பின்னுக்கு அறுபது. அமெரிக்கத் தர அமைப்பு சைக்கிள்களை உபயோகம் பார்த்து வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறது. டவுன்ஹில்லுக்கும் பெரிய குதிப்புக்கும் ஐந்தாம் எண். கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிற நாம், பிரேமின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. என்னுடையது மூன்று.

இதுவரை வாசித்தவர் நான் எஃகுக் கட்சி என்று முடிவு கட்டியிருப்பார். அந்தக் கட்சிக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நியாயமில்லை. 1997இல் ஜெர்மனியின் 'டூர்' பத்திரிகை, உயர்தர ரேஸ் பிரேம்கள் பன்னிரண்டை இயந்திரத்தில் மாட்டி லட்சக்கணக்கான மிதிகளுக்கு ஆட்டிப் பார்த்தது. கடைசிவரை நின்றவை மூன்று. இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன். களைப்பே வராது என்று பெயர் வாங்கிய எஃகு பிரேம்கள் எல்லாம் முறிந்தன, டைட்டானியமும் தப்பவில்லை. காரணம் எளிது. எடை குறைக்கிற ஆசையில் எஃகுக் குழாயை அரை மில்லிமீட்டருக்குச் செதுக்கியிருந்தார்கள். களைப்பு வராத அந்த எல்லைக்கு மேலேயே பாரம் ஏறியது. அலுமினியக்காரர்களோ தங்கள் உலோகத்தின் பலவீனம் தெரிந்து குழாயைப் பருக்க வைத்து, மூட்டில் சதை போட்டிருந்தார்கள். பலவீனத்தை அறிந்தவன் கட்டிய வீடு நின்றது. பால்கார சைக்கிள் நிற்பதற்கும் அதன் எஃகு மட்டும் காரணமில்லை. அந்தச் சாதாரண எஃகை யாரும் மெலிய வைக்கவில்லை என்பது பெரிய காரணம்.

அப்படியென்றால் என் அலுமினியத்தை ஒட்ட முடியாதா? அண்ணன் சொன்னதைச் சரிபார்க்கக் கப்பலூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் பிரேமைக் கொண்டுபோனேன். முதலில் விரிசல் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும் என்றான். வெல்டர்கள் டி.பி. டெஸ்ட் என்று சொல்லும் மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள். ஒன்றால் துடைத்தான். இரண்டாவதிலிருந்து ரத்தச் சிவப்பாக ஒரு சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் ஊற விட்டுச் சுத்தமாகத் துடைத்தான். மூன்றாவது, சுண்ணாம்புபோல வெள்ளைப் பூச்சு. அது காய்ந்ததும் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து மேலே வந்தது. நான் டார்ச்சில் பார்த்ததைப்போல இரண்டு மடங்கு நீளம். வெல்டிங்கைச் சுற்றி மறுபக்கம் வரை போயிருந்தது.

ஆர்கன் வெல்டிங் அவனிடம் இருந்தது. ஒட்டிவிடலாம், பார்க்க அழகாகவும் இருக்கும் என்றான். பிறகு அவனே வேண்டாம் என்றான். சைக்கிளில் அதிகம் வருகிற 6061 வகை அலுமினியம் தன் பலத்தை வெப்பச் சிகிச்சையில் பெறுகிறது. வெல்டிங் செய்த கையோடு முழுப் பிரேமையும் 530 டிகிரி சூட்டில் வைத்து, தண்ணீரில் முக்கி, கோணல் எடுத்து, மறுபடி 170 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வேகவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஒட்டினால், வெல்டிங்குக்கு அடுத்த ஓரத்தில் உலோகம் பாதிப் பலத்தோடு மெத்தென்று நிற்கும். அடுத்த விரிசல் அங்கே காத்திருக்கும். 7005 என்ற வகைக்கு முதல் சூடு தேவையில்லை, இரண்டாவது போதும். ஆனால் நம் பிரேம் எந்த வகை என்று பெயிண்டைப் பார்த்துத் தெரியாது. ஒரு சைக்கிள் பிரேமை முழுசாக விழுங்குகிற அளவுக்கு, சூடு பிசகாத அடுப்பு தெருமுனைகளில் கிடையாது. அண்ணனின் காந்தம் தத்துவத்தில் கொஞ்சம் தப்பு, நடைமுறையில் முழுக்கச் சரி. இரும்பு மூட்டை அவர் பத்த வைக்கிறபோது பக்கத்துக் குழாய் கெடுவதில்லை, இங்கே கெடும். விற்ற கடைக்குப் போனேன், ஆயுள் உத்தரவாதம் என்று அட்டையில் இருந்தது. 'மலையில் ஓட்டினீர்களா' என்று கேட்டார்கள். மவுண்டன் பைக் என்று எழுதி விற்றதைப் பற்றி நான் திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. போகட்டும்.

உண்மையான டவுன்ஹில் சைக்கிளில் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. பின்சக்கரம் இருநூறு மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும். அதைத் தாங்கும் ஷாக்கின் பயணமோ 75 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று என்ற நெம்புகோல். சக்கரத்தில் விழுகிற அடி மூன்று மடங்காகி ஷாக் மாட்டியிருக்கும் சின்ன ஊசியில் இறங்கும். கீல்கள், பேரிங்குகள், போல்ட்டுகள் என்று மூட்டுகள் பெருகப் பெருக, பிரேம் குழாய்களின் கதையாக இருந்தது மூட்டுகளின் கதையாகிவிடுகிறது. இத்தனையும் சேர்ந்து அந்தச் சைக்கிள் பதினாறு, பதினேழு கிலோ. பால்காரரின் காலி வண்டி அதைவிடக் கனம்.

கார்பன் இந்த ஆட்டத்துக்குக் கடைசியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது. நூலிழைகளை எந்தத் திசையில் பாரம் வருமோ அந்தத் திசையில் அடுக்கி, எபாக்ஸியில் தோய்த்து, அச்சில் வேக வைக்கிறார்கள். சுங்குடிக்கும் சின்னாளபட்டிக்கும் பேர்போன ஊர்ப்பக்கத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஊடும் பாவும் எங்கே அடர்த்தி, எங்கே தளர்வு என்பதில்தான் துணியின் உயிர். ஒழுங்காகச் செய்த கார்பன் பிரேம் களைப்பு என்றால் என்னவென்றே அறியாது. சான்டா குரூஸ் கம்பெனி தன் வி10 டவுன்ஹில் சைக்கிளைக் கார்பனில் கொண்டுவந்து உலகக் கோப்பைத் தடங்களில் ஓட்டிக் காட்டிய பிறகு, 'கார்பன் மலைக்கு ஆகாது' என்ற பேச்சு அடங்கியது. மதுரை வெயில் அதை உருக்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நாற்பது டிகிரி வெயிலுக்கு இளகுகிற எபாக்ஸியில் யாரும் பிரேம் செய்வதில்லை. அதன் ஆபத்து வேறு. பாறையில் பக்கவாட்டில் ஒரு குத்து வாங்கினால் மேலே சின்னக் கீறலோடு போகும்; உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அனுபவசாலிகள் ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்ப்பார்கள்: நல்ல இடம் 'டக்' என்னும், கெட்ட இடம் 'தொப்' என்னும், மண்பானை வாங்குகிற அதே பரீட்சை. எஃகு வளைந்து சொல்லும். அலுமினியம் விரிசலில் சொல்லும், பார்த்தால். கார்பனைக் காது வைத்துத்தான் கேட்க வேண்டும்.

எல்லாரும் கார்பனுக்குப் போய்விட்டார்களா என்றால் இல்லை. அந்தோராவில் இருக்கும் கொமென்சால் கம்பெனி கார்பனை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அலுமினியத்திலேயே நிற்கிறது. 2018இல் அமோரி பியரோன் உலகக் கோப்பை டவுன்ஹில் பட்டத்தை வென்றது அவர்களின் அலுமினியப் பிரேமில்தான். கார்பனை வெல்ல அலுமினியத்தால் முடியாது என்பவர்கள் அந்த வருடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் சுவையானது வேல்ஸின் ஆதர்டன் குடும்பம் 2019இல் தொடங்கிய கம்பெனி. அவர்கள் டைட்டானியம் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி லக் செய்கிறார்கள். அதற்குள் கார்பன் குழாயை நுழைத்துப் பசையால் ஒட்டுகிறார்கள். பித்தளைக்குப் பதில் பசை, அவ்வளவுதான் வித்தியாசம். உறை மூட்டுக்குள் குழாயை நுழைத்து ஒட்டுகிற அந்தக் காலத்து முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐம்பது வருடம் சுற்றிய பயணம், மறுபடி லக்கில் வந்து நிற்கிறது.

டைட்டானியத்தைத் தனியாகச் செய்கிறவர்களும் உண்டு. துரு அண்டாது, எடை எஃகில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், விலை வீட்டுக்கடன் வாங்க வைக்கும். வேடிக்கை, அதன் மூலமணல் நமக்குக் கீழே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. கேரளத்துச் சவறாவில் 2011 முதல் டைட்டானியம் ஸ்பாஞ்சும் எடுக்கிறார்கள். அது ராக்கெட்டுக்குப் போகிறது. சைக்கிளுக்கு வரும் நாளை நான் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

துருவைப் பற்றிக் கொஞ்சம். எஃகை எதிர்ப்பவர்கள் முதலில் நீட்டுகிற விரல் அதுதான். மதுரையின் அதிர்ஷ்டம், கடல் தள்ளி இருக்கிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் வாயில் சிக்ரி, இந்தியா முழுக்க உலோகம் எங்கே எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று தகடுகளை வெயிலில் மாட்டி வைத்து வரைபடமே போட்டது. மண்டபத்தில் கடலுப்புக் காற்றுக்கென்றே தனி நிலையம் வைத்திருக்கிறது. அதே சைக்கிள் ராமேஸ்வரத்தில் ஒரு மாதிரியும் உசிலம்பட்டியில் வேறு மாதிரியும் வயசாகும். இங்கே எஃகு பிரேமை அரிப்பது வெளியே தெரிகிற துரு அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட்டுக் கம்பி வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் அச்சுக்கூட்டில் தேங்கி, உள்ளிருந்து தின்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஓவராயிலிங் விடும்போது பால்ரஸ் மாற்றுகிற கையோடு குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விடச் சொன்னால் முடிந்தது. அலுமினியத்துக்கும் அரிப்பு உண்டு: எஃகு பிரேமுக்குள் அலுமினியச் சீட்டுக் கம்பியை வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால், வியர்வையும் மழைநீரும் நடுவே புகுந்து இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். ஒட்டாதது ஒட்டுகிற ஒரே இடம் அது. அங்கே ஒட்டுவதுதான் தொல்லை.

இனி மலை இறங்குகிறவர் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது இது. நாகமலை அடிவாரம், கண்மாய்க் கரை, வருடத்துக்கு இரண்டு முறை சிறுமலை என்றால் குரோம்–மாலிப்டினம் எஃகில் ஒரு ஹார்ட்டெயில், அதாவது பின்னால் ஷாக் இல்லாத சைக்கிள். ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும், முறிந்தால் ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறார். அலுமினியம் என்றால் தடித்ததாக, அடியில் நான்கு அல்லது ஐந்து என்று எண் ஒட்டியதாக. கார்பனைக் கொண்டு வந்தால் கூடவே ஒரு ரூபாய்க் காசும். எதுவானாலும் இறங்கி வந்த மறுநாள் துணியால் துடைக்க வேண்டும், தலைக்குழாய் மூட்டின் அடியில் கொஞ்சம் அழுத்தி.

என் பிரேமை மூன்று மாதம் மொட்டை மாடியில் போட்டு வைத்திருந்தேன். பிறகு வீட்டில் சொன்ன சொல் தாங்காமல் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் நின்ற பையன் அதைத் தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பெடல் அச்சுக்கூட்டிலும் தலைக்குழாயிலும் இருந்த எஃகு வளையங்களைத் தட்டிக் கழற்றித் தனியே போட்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாய் நெடுக இழுத்தான். அது எங்கும் நிற்கவில்லை.

"ஒட்டவே இல்லண்ணே," என்றான் முகம் மலர்ந்து. "சுத்தமான சரக்கு. இரும்பு ரேட்ட விட நல்லா வரும்."